வாத்தியார் வீட்டுத் தோட்டத்துச் சிலந்திகள்



தோட்ட வேலைக்கு வந்தவர் நேற்று வேலியோரச் சிலந்தி வலைகளை விளக்குமாற்றால் இழுத்துவிட்டார். நான் எழுந்து போவதற்குள் முடிந்துவிட்டது. ழான் ஆன்ரி ஃபாப்ர் நினைவுக்கு வந்தார்.

பிரான்சில் அவரும் ஒரு வாத்தியார்தான். பெண்பிள்ளைகளுக்கு மகரந்தச் சேர்க்கையைப் பாடமாக நடத்தினார் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1870 வாக்கில் வேலையும் போய், வாடகை வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. (அந்தப் பாடத்தை நான் எவ்வளவு வேகமாகத் தாண்டுவேன் என்பது உங்களுக்கே தெரியும்!) தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்துத் தாங்கினார். 1879-இல், 55 வயதில்தான், செரிஞ்ஞான் கிராமத்தில் சொந்த வீடு அமைந்தது. கல்லும் முள்ளுமான நிலம். அவர் அதை மகிழ்ந்து பூச்சிகளுக்கே விட்டார்.

அங்கே தோட்டச் சிலந்திகளை யாரும் விரட்டவில்லை. இரவில் லாந்தரோடு வீட்டாரும் சேர்ந்து அவை வலை பின்னுவதைப் பார்ப்பார்கள். ஒருநாள் வலையில் செத்த வெட்டுக்கிளியை வைத்தார். பக்கத்திலிருந்த சிலந்தி அசையவேயில்லை. ஒரு துரும்பால் வலையை அதிர வைத்ததும் ஓடிவந்தது. சிவப்புக் கம்பளி நூலை வைத்து அசைத்தாலும் அப்படியே வந்து கட்டிப்போட்டது! இன்னொரு வகை, பகலில் இலை மறைவில் தங்கும். வலையிலிருந்து அங்கே ஓர் இழை போகும். அதைக் கத்தரித்தார். பிறகு வலையில் உயிருள்ள வெட்டுக்கிளி துடித்தும் நெடுநேரம் சிலந்திக்குத் தெரியவில்லை.

1915-இல், 91 வயதில், அந்த வீட்டிலேயே மறைந்தார். இப்போது அது அருங்காட்சியகம்.

இன்று காலை நம் வேலியில் மறுபடி ஒரு வலை. விளக்குமாற்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.