விளையாட்டுப் பொருட்களில் ஈயம்

விளையாட்டுப் பொருட்களில் ஈயம் என்பது பொம்மைகளின் வண்ணப்பூச்சு, நெகிழி, உலோகப் பாகங்கள் ஆகியவற்றில் ஈயமோ அதன் சேர்மங்களோ கலந்திருத்தலைக் குறிக்கும். இது சிறுவர்களுக்கு ஏற்படும் ஈய நச்சேற்றத்தின் காரணங்களுள் ஒன்றாகும். பல குழந்தைகள் ஒரே பொருட்களைப் பகிர்ந்து விளையாடும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் இது சிறப்பாகக் கவனிக்கப்பட வேண்டியதாகும். பொருளொன்றில் ஈயம் இருப்பதைப் பார்த்தோ முகர்ந்தோ அறிய இயலாது.

ஈயம் கலக்கப்படும் காரணங்கள்

ஈய குரோமேட்டு பளிச்சிடும் மஞ்சள் நிறத்தைத் தரும் நிறமியாகும். வண்ணப்பூச்சு விரைவில் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. பிவிசி எனப்படும் நெகிழி வெப்பத்தால் சிதையாமலிருக்க அவை நிலைப்படுத்தியாகப் பயன்பட்டன. நாளடைவில் வெயில், தேய்மானம் ஆகியவற்றால் பிவிசி சிதையும்போது அதன் மேற்பரப்பில் ஈயத் தூசி படியக்கூடும்.

உடலினுள் செல்லும் விதம்

சிறு குழந்தைகள் பொம்மைகளை வாயில் வைப்பதாலும், தூசி படிந்த விரல்களைச் சுவைப்பதாலும் ஈயம் உடலை அடைகிறது. உட்கொள்ளும் ஈயத்தில் வளர்ந்தோரைவிட 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலான பங்கைக் குழந்தைகளின் உடல் உறிஞ்சக்கூடும். இரும்பு, கால்சியம் குறைபாடு இருப்பின் இது மேலும் மிகும்.

விளைவுகள்

ஈயம் வளரும் மூளையைப் பாதித்து நுண்ணறிவு, கவனம், கற்கும் திறன் ஆகியவற்றைக் குறைக்கிறது. பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறிகள் தோன்றுவதில்லை. குருதிச் சோதனை மூலமே உறுதிசெய்ய முடியும். பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

மீளப்பெறல்களும் சட்டமும்

2007 இல் ஐக்கிய அமெரிக்காவில் வண்ணப்பூச்சில் ஈயம் மிகுந்திருந்ததால் பல பொம்மைகள் மீளப்பெறப்பட்டன. சூன் மாதத்தில் சுமார் 15 இலட்சம் தாமஸ் அண்ட் பிரண்ட்ஸ் மரத் தொடர்வண்டிப் பொம்மைகளும், ஆகஸ்டில் சுமார் 9,67,000 பிஷர்-பிரைஸ் பொம்மைகளும் இவற்றுள் அடங்கும். இதனைத் தொடர்ந்து 2008 இல் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வண்ணப்பூச்சில் ஈயத்தின் வரம்பு 2009 இல் மில்லியனுக்கு 600 பகுதிகளிலிருந்து 90 ஆகக் குறைக்கப்பட்டது. சிறுவர் பொருட்களின் மூலப்பொருளுக்கான வரம்பு 2011 இல் 100 பகுதிகள் ஆனது.

எனினும் இச்சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றையே கட்டுப்படுத்துகிறது. முன்னரே வாங்கப்பட்டுக் காப்பகங்களில் பயன்பாட்டில் உள்ள பொருட்களை அது தானாக அகற்றுவதில்லை.

காப்பகங்களில் ஆய்வு

லாஸ் வேகாஸ் பகுதியின் 10 காப்பகங்களிலிருந்து பெறப்பட்ட 535 நெகிழிப் பொம்மைகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2010 இல் வெளியானது. எக்சு-கதிர் ஒளிர்வு முறையில் சோதித்தபோது 29 பொம்மைகளில் ஈயம் மில்லியனுக்கு 600 பகுதிகளுக்கு மேல் இருந்தது. அவற்றுள் 20 பிவிசியால் ஆனவை. மஞ்சள் நிறப் பொம்மைகளில் ஈயம் கூடுதலாகக் காணப்பட்டது.

தடுப்பு முறைகள்

* பூச்சு உரிந்த பொம்மைகளையும், வெடித்த அல்லது பொடியும் பழைய நெகிழிப் பொருட்களையும் அகற்றுதல்.
* நன்கொடையாக வரும் பழைய பொம்மைகளை மீளப்பெறல் பட்டியல்களுடன் ஒப்பிடுதல்.
* உணவுக்கும் உறக்கத்துக்கும் முன் குழந்தைகளின் கைகளைச் சவர்க்காரத்தால் கழுவுதல்.
* தூசியை ஈரத்துணியால் துடைத்தல்.

பொம்மையைக் கழுவுவதால் மேற்பரப்புத் தூசி மட்டுமே நீங்கும். பொருளினுள் கலந்துள்ள ஈயம் நீங்காது.

இவற்றையும் பார்க்க

* ஈயம்
* ஈய நச்சேற்றம்