அனுபவம் இல்லாதவர்க்கு அன்று கற்றுக்கொடுத்தது யார்?



"ஐயா, எல்லாக் கம்பெனியும் ரெண்டு வருஷ அனுபவம் கேட்குது. வேலையே கொடுக்காம அனுபவம் எப்படி வரும்?" கம்ப்யூட்டர் படித்துவிட்டு போளூரில் வீட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இது. நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

நம் நாட்டில் முதலில் புரோகிராம் எழுதியவர்கள் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். அப்படியொரு பட்டமே அப்போது இங்கே கிடையாது. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தபோது வெளியாட்களுக்கும் சில நாள் வகுப்பு எடுத்தார்கள். 1968இல் தொடங்கிய டி.சி.எஸ்.ஸை வளர்த்த கோலி, மின்பொறியாளர். தெரியாதவரை எடுத்துப் பழக்குவதுதான் அன்றைய வழக்கம்.

1990களின் கடைசியில் ஒய்2கே பயம் வந்தது. பழைய புரோகிராம்களில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்ததால், 2000 பிறந்ததும் கணக்கு குழம்பும் என்றார்கள். அவற்றைத் திருத்தக் கோபால் தெரிந்த ஆள் தேவைப்பட்டது (ஆள் பெயர் இல்லை, கணினி மொழி!). நம் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை வேலூர் பஸ் பிடித்து வகுப்புக்குப் போனது நினைவிருக்கிறதா? கட்டணத்துக்கு எந்த நகை அடகுக்குப் போனது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதற்குள் அமெரிக்காவில் டாட்காம் சரிவு. அப்போது படிப்பை முடித்த என் மாணவன் ஒருவன் மளிகைக் கடைக்குப் போனான். இன்று அந்தக் கடையின் பில் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு.

கம்பெனி செய்த பயிற்சிச் செலவு இப்படித்தான் மெல்ல வீட்டுச் செலவானது. 1984க்குப் பின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. ஒரு வேலைக்கு நூறு பட்டதாரிகள் நின்றால், சலித்தெடுக்க ஒரு சல்லடை வேண்டும். 'அனுபவம்' அந்தச் சல்லடை. ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் பிள்ளைக்கு அதன் கண் இன்னும் சிறியது. சிபாரிசு செய்ய அங்கே யார் இருக்கிறார்கள்?

பழைய வழக்கம் அடியோடு போய்விடவில்லை. சோகோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துத் தானே பழக்கி வேலைக்கு எடுக்கிறது. 2011இல் தென்காசிப் பக்கமும் அலுவலகம் திறந்தது. 2022இல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் திறன் பயிற்சி உண்டு. நல்லதுதான், ஆனால் பயிற்சி முடிந்ததும் உட்கார ஒரு நாற்காலி வேண்டுமே.

சென்னையிலும் பெங்களூருவிலும் டீம் லீடராக இருக்கும் என் பிள்ளைகளே, ஆள் எடுக்கும்போது ஓர் இடமாவது புதியவருக்கு ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் இதன் கீழே எழுதுங்கள்.