குள்ளன் பிழைத்த கதை

கிராஷ் ஆகுற புரோகிராம் சாகும்போது ஒரு எண்ணை மட்டும் சொல்லிட்டுச் சாகும். 401136ங்கிற மாதிரி ஒரு முகவரி. அது எந்த ஃபைல்ல எத்தனாவது வரின்னு டீபக்கர் எப்படிக் கண்டுபிடிக்குது? நாலு வருஷ இன்ஜினியரிங்ல எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரல. பொட்டி தட்ட ஆரம்பிச்ச பிறகு தானா தோண்டினதுதான்.

கம்பைல் பண்ணும்போது கேட்டுக்கிட்டா, ஜிசிசி வரி எண், ஃபங்ஷன் பேர், வேரியபிள் டைப் எல்லாத்தையும் பைனரிக்குள்ளயே எழுதி வைக்கும். அப்படி எழுதுற முறைக்குப் பேர் ட்வார்ஃப், அதாவது குள்ளன். பைனரி ஃபார்மேட்டோட பேர் எல்ஃப். ரெண்டும் மேல்நாட்டு மாயக்கதைகள்ல வர்ற ஆளுங்க. ஜோடி சேர்க்கத்தான் இந்தப் பேரு.

1980களின் நடுவுல, யுனிக்ஸ் சிஸ்டம் 5 ரிலீஸ் 4-ல இருந்த எஸ்டிபி டீபக்கருக்காக பெல் லேப்ஸ்ல பிரையன் ரஸ்ஸல் இதை உருவாக்கினார். யுனிக்ஸ் இன்டர்நேஷனல்ங்கிற கூட்டமைப்பு 1992-ல முதல் பதிப்பை வெளியிட்டுச்சு. அது ரொம்ப இடத்தை அடைச்சது. அதனால 1993-ல ரெண்டாம் பதிப்போட வரைவு வந்துச்சு. ஒவ்வொரு முகவரிக்கும் வரி எண்ணை அட்டவணையா எழுதினா கட்டுப்படியாகாதுன்னு, அந்த அட்டவணையைத் திரும்ப உருவாக்குற குட்டி புரோகிராமையே பைனரிக்குள்ள வைக்கிற ஐடியாவும் அதுல உண்டு.

அப்பதான் சோதனை. மோட்டரோலா 88000 சிப்புல பெரிய கோளாறு தெரிய வந்து, கம்பெனி அதைக் கைவிட்டுச்சு. அதை நம்பியிருந்த கூட்டணி கலைஞ்சது, பின்னாடியே யுனிக்ஸ் இன்டர்நேஷனலும் கலைஞ்சது. ரெண்டாம் பதிப்பு கடைசிவரைக்கும் வரைவாவே நின்னுபோச்சு. ஆளாளுக்குத் தனியா ஒட்டு போட ஆரம்பிச்சாங்க. 1999-ல மைக்கேல் ஈகர் குழுவைத் திரும்பக் கூட்டினார். மூணாம் பதிப்பு 2005, நாலாவது 2010, அஞ்சாவது 2017.

பெத்தவங்க இல்லாத பிள்ளை எப்படித் தப்பிச்சது? விவரம் முழுக்க எல்லாரும் படிக்கிற மாதிரி காகிதத்துல இருந்ததாலதான். அதே காகிதத்தை வெச்சுத்தான் எலை பெண்டர்ஸ்கி முழுக்க பைத்தான்லயே பைஎல்ஃப்டூல்ஸ் எழுதி 2012-ல வெளியிட்டார். டீபக்கரும் வேண்டாம், லினக்ஸ் மெஷினும் வேண்டாம். ஃபைலைத் திற, கம்பைலேஷன் யூனிட் ஒவ்வொண்ணா எடு, அதுக்குள்ள ஃபங்ஷன்களைத் தேடு, நம்ம முகவரி எதோட எல்லைக்குள்ள விழுதுன்னு பாரு. சில பத்து வரிதான்.

ஆனா பழைய கதை இங்கயும் எட்டிப் பார்க்கும். ஃபங்ஷன் முடியுற இடம் மூணாம் பதிப்பு வரைக்கும் நேரடி முகவரி. நாலாம் பதிப்புல இருந்து அது ஆரம்பத்துல இருந்து எவ்வளவு தூரம்ங்கிற எண்ணாவும் இருக்கலாம். ஒரே பைனரிக்குள்ள ரெண்டு ரகமும் கலந்து கிடக்கும். எந்த ரகம்னு பைஎல்ஃப்டூல்ஸ் சொல்லிடும், கேட்டுக்கிட்டுக் கணக்கு போடணும். வரலாறு தெரியாம ஸ்க்ரிப்ட் எழுதினா, எர்ரரே வராம தப்பான ஃபங்ஷன் மேல பழி விழும்.

இதுக்கு முந்தின ஸ்டேப்ஸ் முறையை 2023-ல வந்த ஜிசிசி 13 தூக்கியே போட்டுடுச்சு. குள்ளன் இன்னும் நிக்கிறான்.

டிஸ்கி: ரிலீஸுக்கு முன்னாடி பைனரியை ஸ்ட்ரிப் பண்றவங்க, பண்ணாத காப்பி ஒண்ணு பத்திரமா வைங்க மக்கா. இல்லாததை பைத்தானாலயும் படிக்க முடியாது. வர்ட்டா?