பெயரிட்டோரும் பேணியோரும்

நோய்க்குப் பெயரிடுதல் வேறு. நோயுற்றாரைப் பேணுதல் வேறு. அமெரிக்க நாட்டுக் கறுப்பினத் திருநர் இளைஞரின் மனநல வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். அவர்கட்குப் பெயரிட்டவை மருத்துவ நூல்கள். அவர்களைப் பேணியவை அந்நூல்களுக்கு வெளியே தோன்றிய சில எளிய இடங்கள்.

அவர்கள்மீது இருவகைப் பழி வந்து சேர்ந்தது. முதலாவது நிறம் பற்றியது. 1851ஆம் ஆண்டில் லூசியானா மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் என்பார், அடிமைகள் தப்பியோடுதலை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு ‘டிராப்பிடோமேனியா’ என்னும் பெயரும் சூட்டினார். சவுக்கடியால் அதனைத் தடுக்கலாம் என்பது அவர் கருத்து. விடுதலை வேட்கையே நோயாகிவிட்டது! இரண்டாவது பழி பாலினம் பற்றியது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பில், ‘குழந்தைப் பருவப் பாலின அடையாளக் கோளாறு’ என்பது மனநோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. கறுப்பினத்தில் பிறந்து திருநராய் வளர்ந்த இளைஞர் இவ்விரு சுமைகளையும் ஒருங்கே தாங்க நேர்ந்தது.

இனி, பேணிய இடங்களைக் காண்போம். 1946இல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், புனித பிலிப் ஆலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் மனநல நிலையம் தொடங்கப்பெற்றது. மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாமும் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும் இதற்கு முன்னின்றோர் ஆவர். கட்டணம் 25 காசு, மருத்துவர்க்கு ஊதியமில்லை. வறுமையும் நிறவெறியும் உள்ளத்தைச் சிதைப்பதை நோயாளியின் பிறவிக் குறையாக அங்குள்ளோர் கருதவில்லை. டெலவேர் மாநிலக் கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளை அங்கே ஆராய்ந்த வெர்தாம், பள்ளிகளில் இனப்பிரிவினை குழந்தைகளுக்குத் தீங்கு விளைப்பதென 1951இல் நீதிமன்றத்தில் சான்று கூறினார். அவ்வழக்கு, 1954இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவினையைச் சட்டத்திற்குப் புறம்பானதெனத் தீர்த்த வழக்குகளுள் ஒன்றாயிற்று. நிலையமோ 1958இல் மூடப்பட்டது. அது திருநர்க்கென அமைந்ததன்று; ஆயினும் துன்பத்தின் காரணத்தைச் சமுதாயத்தில் தேடும் வழியை அது காட்டிற்று.

திருநர் இளைஞர்க்கென 1970இல் இல்லம் கண்டவர்கள் மார்ஷா ஜான்சன் என்னும் கறுப்பினத் திருநங்கையும் அவர் தோழி சில்வியா ரிவேராவும் ஆவர். ‘ஸ்டார்’ என்னும் அமைப்பை நிறுவிய இவ்விருவரும், நியூயார்க்கில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் வீடற்ற இளைஞர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தனர். அவர்களே ஏழைகள். அங்கு மருத்துவர் இலர், மருந்தும் இல்லை. எனினும் பெற்றோரால் துரத்தப்பட்டவர்க்கு அங்கே உறவு கிடைத்தது. அவ்வில்லம் 1971இல் கைவிட்டுப் போயிற்று. பிறரைப் பேணிய மார்ஷாவும் மனநோயுற்றுப் பன்முறை மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. 1992இல் அவர் உடல் ஹட்சன் ஆற்றில் கிடந்தது.

பின்னர் நூல்கள் திருந்தின. 2013இல் அமெரிக்கச் சங்கம் ‘கோளாறு’ என்னும் பெயரைக் கைவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த பட்டியலில், திருநராய் இருத்தல் மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டது. இது நன்றே. ஆனால், குடும்பத்தார் ஏற்றுக்கொண்ட திருநர் இளைஞரிடம் தற்கொலை எண்ணம் குறைந்து காணப்படுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். அவ்வுண்மையை, நூல்கள் திருந்துவதற்கு நெடுநாள் முன்னரே, பாழடைந்த கட்டடத்தில் கதவைத் திறந்து வைத்த இருவர் உணர்ந்திருந்தனர்.