ஆறாம் வகுப்புக்கு அப்பால்

ரந்தாவ் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களின் கல்வி வரலாறு, பள்ளிக்கூடம் இல்லாத வரலாறு அன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்பதை 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிருவாகத்தின் பொறுப்பாக்கிற்று. ஐக்கிய மலாய் மாநிலங்களுள் ஒன்றாகிய நெகிரி செம்பிலானுக்கும் அச்சட்டம் உரியதே. ஆனால் பள்ளி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதில் எவரும் பெரிதும் அக்கறை கொள்ளவில்லை. லயத்தின் ஓர் அறையோ ஒரு கொட்டகையோ வகுப்பறையாயிற்று. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியரானார். விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குப் போய்விட, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட சிறுமியர் பலர். எழுத்தும் கணக்கும் அறிந்தால் போதும், பிள்ளை மீண்டும் பால்வாளியைத் தூக்கும் என்பதே அக்கல்வியின் எல்லை. அந்த எல்லை தற்செயலாக அமைந்தது எனக் கொள்வதற்கில்லை.

ஆயினும் உயர்கல்வியின் அருமையை மலாயாத் தமிழர் அறியாதவர் அல்லர். அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, தமிழுக்கே முதலிடம் வேண்டும் எனத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்கத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைப் பொதுமக்களிடம் திரட்டினார். 1956இல் துறை தோன்றியது. நூலகத்துக்கு நூல் கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளை அந்நூலகத்தை அடையும் வழிதான் கிடைக்கவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ரசாக் அறிக்கையின் வழியே அவை தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. அரசு உதவியும் பொதுப் பாடத்திட்டமும் கிட்டின. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்வழிக் கல்வி ஆறாம் வகுப்போடு நின்றது. 1964 வரை நுழைவுத் தேர்வு பலரைத் தடுத்தது. அது நீங்கியபின் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் பாலம் எஞ்சிற்று. அறிவியலையும் கணிதத்தையும் ஆறாண்டு தமிழில் கற்ற பிள்ளை, அவற்றையே வேற்று மொழியில் கற்பதற்கு அந்த ஓராண்டில் தேற வேண்டும். அம்மொழி முன்னர் பெரும்பாலும் ஆங்கிலம்; 1976 முதல் மலாய். லின்சம் போன்ற தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பேருந்துச் செலவு ஒரு சுமை. தன்னினும் இளையோருடன் ஒரே படிவத்தில் அமரும் கூச்சம் மற்றொன்று. பாலத்தின் நடுவிலேயே திரும்பியோர் பலர். பிள்ளைகள் இடையில் நின்றுவிடுவதற்கும் வறுமைக்கும் உள்ள உறவை 1973இல் வெளிவந்த முராட் அறிக்கை நாட்டளவில் எடுத்துக்காட்டிற்று.

எத்தனை பள்ளிகள் உள்ளன என்று எண்ணியோர் பலர். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை பின்னர் எங்கே சென்றது என்று வினவியோர் சிலரே. அச்சிலருள் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மு. தம்பிராஜா குறிப்பிடத்தக்கவர். 1982இல் அவர் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இடைநிலைப்பள்ளி மாணவர்க்குத் துணைப்பாடம் நடத்தியது. பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர், தமக்குப் பின்வருவோர்க்குத் தாமே பாடம் சொல்லினர். எந்தப் பாடத்தில் எத்தனைப் புள்ளி வேண்டும், எந்தத் துறைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பவை, படித்தவர் எவருமில்லா லயத்து வீட்டில் யார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடியவை? அவற்றைச் சொல்ல ஓர் அண்ணனோ அக்காளோ அங்கே இருந்தனர்.