ஒரே மூலக்கூறு, நான்கு பெயர்கள்

ஈறுநோய் முற்றினால் பல் ஆடத் தொடங்குகிறது. பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கரைவதே அதற்குக் காரணம். கிருமிதான் அந்த எலும்பை அரிக்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் கரைப்பது நம் உடலுக்கே உரிய ஆஸ்டியோகிளாஸ்ட் எனும் செல். அதை ஏவுவதோ, கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட நம் நோயெதிர்ப்பு மண்டலம். இந்த உண்மை நிலைபெற ஆய்வுலகுக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

முதல் தடயம் 1972இல் கிடைத்தது. அமெரிக்காவில் ஹார்ட்டன், ரைஸ், மெர்கன்ஹாகன் முதலியோர் மனித வெள்ளையணுக்களைப் பற்காறையிலிருந்து எடுத்த பொருளால் தூண்டினர். அந்த அணுக்கள் வளர்ந்த நீர்மத்தை மட்டும் எடுத்து எலிக்கருவின் எலும்புத் துண்டுகள் மீது இட்டனர். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறியது. வெள்ளையணுக்கள் சுரந்த ஏதோ ஒன்று எலும்பைக் கரைத்திருக்கிறது! பல் ஆய்வாளர்கள் இக்கேள்வியை எழுப்பியதில் வியப்பில்லை. அழற்சியும் எலும்பும் ஒரே இடத்தில் மோதுவதை நாள்தோறும் காண்பவர்கள் அவர்களே.

ஆயினும் இரு துறைகளும் தனித்தனியே நடந்தன. எலும்பை ஆக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லே கரைக்கும் செல்லுக்கும் கட்டளையிடுகிறது என்று 1981இல் ரோடனும் மார்ட்டினும் முன்மொழிந்தனர். அந்தக் கட்டளை எது என்ற தேடல் 1997, 1998 ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. ஆம்ஜென் நிறுவனமும், ஜப்பானின் ஸ்னோ பிராண்ட் எனும் பால்பொருள் நிறுவனமும் (ஆம், பால் நிறுவனமேதான்) அதைத் தனித்தனியே கண்டடைந்து ஆளுக்கொரு பெயர் சூட்டின. அதற்குச் சற்று முன்பே நோயெதிர்ப்பியலாளர் இரு குழுவினர் டி செல்களையும் டென்ட்ரைட்டிக் செல்களையும் ஆராய்கையில் அதே மூலக்கூறைக் கண்டு, டிரான்ஸ் என்றும் ராங்க்எல் என்றும் அழைத்திருந்தனர். அவர்கள் தேடியது எலும்பை அல்ல. ஆய்வைத் தொடங்கிய நாட்களில் நான் இந்த நான்கையும் வெவ்வேறு பொருள்கள் எனக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன்.

1999இல் பென்னிங்கர் குழுவினர் இம்மூலக்கூறு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது ஐயம் தீர்ந்தது. அவற்றின் எலும்புகள் கரையாமல் இறுகின, பற்கள் முளைக்கவில்லை, நிணநீர்க் கணுக்களும் உருவாகவில்லை. ஒரே மரபணு, இரு மண்டலங்கள். மூட்டழற்சி கண்ட எலிகளில், தூண்டப்பட்ட டி செல்கள் இதே மூலக்கூறின் வழியே எலும்பை அழிப்பதையும் அக்குழு அதே ஆண்டில் காட்டியது. முடக்குவாத நோயாளியின் விரல் மூட்டுகள் சிதைவதற்கு அதில் ஒரு விளக்கம் இருந்தது. 2000இல் ஆரனும் சோயும் இப்புலத்துக்கு ‘ஆஸ்டியோஇம்யூனாலஜி’ எனப் பெயரிட்டனர்.

பெயர்க் குழப்பம் சில ஆண்டுகளில் தீர்ந்து ராங்க்எல் நிலைத்தது. எனக்கு உறுத்துவது 1972க்குப் பிந்தைய அந்த நீண்ட இடைவெளிதான். நோயெதிர்ப்புச் செல்கள் பிறக்கும் மஜ்ஜை எலும்புக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்டும் அதே மஜ்ஜையின் இரத்த அணு மரபில் வந்ததே. 1970களிலேயே தெரிந்த உறவு இது.

ராங்க்எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எலும்புப்புரைக்கு ஆறு மாதங்களுக்கு ஓர் ஊசி. இடையில் நிறுத்தினால் கரைப்பு முன்னிலும் வேகமாகத் திரும்பி, சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிகின்றன. எனவே மருத்துவரைக் கேளாமல் அந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.