தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: கானாவை நடுவில் நிறுத்திய இசைக்குழு

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு. இசையமைப்பாளர் டென்மாவும் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் 2017இல் இதற்கான வேலையைத் தொடங்கினார்கள். பாடகர்களையும் தாளக்காரர்களையும் தேடித் தேர்ந்தெடுத்து, 19 பேர் கொண்ட குழுவாக 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் முதன்முறையாக மேடையேற்றினார்கள். இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் பின்னணியில் இருந்தன. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) தம் மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற அடைமொழியிலிருந்து குழுவின் பெயர் வந்தது. ஆகவே குழுவைப் பற்றி எழுதியவர்களில் பலர் அரசியலிலேயே தொடங்கி அரசியலிலேயே முடித்துவிட்டார்கள். அரசியல் அதன் உயிர் என்பது உண்மைதான். ஆனால் இசை வரலாற்றில் அது பெறும் இடத்துக்கு வேறொரு காரணம் உண்டு: நாட்டார் இசையை ராக் இசைக்குள் விருந்தாளியாக அழைக்காமல், அதன் சொந்தக்காரர்களையே மேடையின் நடுவில் நிறுத்தியது.

இதற்கு முன்பு நடந்ததோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இந்தியாவில் நாட்டார் இசையும் ராக்கும் கலந்தது புதிதல்ல. 1990இல் டெல்லியில் உருவான இந்தியன் ஓஷன், நர்மதைக் கரைப் பாட்டைத் தன் மேடைக்குக் கொண்டுவந்தது. 2003இல் கேரளத்தில் பிறந்த அவியல், மலையாள நாட்டார் மெட்டுகளையும் சொற்களையும் எலெக்ட்ரிக் கிதாரோடு சேர்த்து 2008இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. சென்னையில் தர்புகா சிவா, பிரதீப் குமார் முதலியோரின் லா பொங்கல் இருந்தது. கபேர் வாசுகியோடு டென்மா இயங்கிய குரங்கன் இருந்தது. இவற்றின் தரத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் கருவிப் பயிற்சி பெற்ற நகரத்து இளைஞர்கள் ஒரு நாட்டார் பாட்டைக் கேட்டு, விரும்பி, தங்கள் இசைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். பாட்டு வந்தது, பாடியவர் ஊரிலேயே தங்கிவிட்டார். தஞ்சை வட்டாரக் கலைஞரான அந்தோணிதாசன் லா பொங்கலில் பாடியது இதற்கு விலக்கு. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்த விலக்கையே விதியாக்கியது.

கானா வடசென்னையின் பாட்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு போன்ற பகுதிகளில் சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடப்பட்டது. சட்டியும் மேசையும் கைத்தட்டலும்கூட அதற்குத் தாளமாயின. 1990களில் தேவா அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் படங்களில் அது பெரும்பாலும் வேடிக்கைக்கும் குடிக் காட்சிக்கும் பயன்பட்டது. 2012இல் இரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி'யில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடியபோது அந்த நிலை கொஞ்சம் மாறியது. திரைக்கு வெளியே அதன் அடுத்த படியாகக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது. அதில் கிதாரும் டிரம்ஸும் உண்டு. கூடவே பறை, சட்டி, கட்டை மோளம் உண்டு. அந்தத் தோல் கருவிகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. பல பாடல்களின் நடையைத் தீர்மானிப்பவை அவையே; மேற்கத்தியக் கருவிகள் அந்த நடைக்குள் இடம்தேடி அமர்கின்றன. குழுவின் ராப் பாடகர் அறிவின் வரிகள்கூடக் கானாவின் பேச்சோட்டத்துக்கு இணங்கிப் போகின்றன. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடும்போதும் குரலில் வழக்காடும் தொனியைவிடக் கிண்டலே மிஞ்சுகிறது. கானா கேட்டுப் பழகியவருக்கு அது புதிதாக இராது.

கானா நகரத்துப் பாட்டுத்தானே, அதை எப்படி நாட்டார் இசை என்பது என்று சிலர் கேட்பார்கள். மலாக்கா வட்டாரத் தமிழர்களுக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு இங்கே தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் வந்தவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கோயில் திருவிழாவின் உறுமியும் சாவு வீட்டுத் தப்பும் அவர்களோடு கப்பலேறின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் புலாவ் செபாங், அலோர் காஜா போன்ற ஊர்களுக்கு நகர்ந்த பிறகும் உறுமி நிற்கவில்லை. தாமான் வீட்டு இளைஞர்கள் இன்றும் குழு சேர்த்து அடிக்கிறார்கள். ஊர் மாறினால் நாட்டார் இசை செத்துவிடும் என்பது ஏட்டறிவு. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின் பாட்டுக்கும் பால்மரம் வெட்டியவர்களின் பாட்டுக்கும் நாட்டார் இசை என்ற தகுதி உண்டு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 'கபாலி' போன்ற பெரும் படத்தை எடுத்த இயக்குநர் பின்னால் நிற்கும் குழுவைச் சுயாதீன இசைக்குழு என்று எப்படி அழைப்பது? (மலேசியத் தமிழர் கதையைச் சொன்ன அந்த 2016ஆம் ஆண்டுப் படத்தின் ஒரு பகுதி மலாக்காவிலேயே படமானது.) இரஞ்சித்தின் பெயர் இல்லாவிட்டால் முதல் நிகழ்ச்சிக்கே அவ்வளவு கூட்டம் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் தமிழில் பாட்டு என்றாலே படப்பாட்டு என்று ஆகிவிட்ட நிலையில், எந்தக் கதாநாயகனுக்கும் வாயசைக்கத் தராத பாடல்களை எழுதி மேடையேற்றியதே ஒரு சுயாதீனம். மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பால் ஹிப் ஹாப்பில் செய்ததும் இதற்கு நெருக்கமான வேலைதான். அதே வேளையில் சினிமாவின் இழுப்பு வென்றுகொண்டே இருந்தது என்பதும் உண்மை. டென்மா 2019இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' படத்துக்கும் 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கும் இசையமைத்தார். அறிவு 2019இல் 'தெருக்குரல்' தொகுப்போடு தனி வழி கண்டார்.

அறிவின் அடுத்த கட்டம் குழுவின் வரலாற்றுக்கு வெளியே நிகழ்ந்தாலும் இங்கே சொல்லத் தக்கது. 2021 மார்ச்சில் பாடகி தீயும் அவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து உருவானது. சில மாதங்களில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாமல் போனார். இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. பாட்டு மேலே போகும்போது அதைப் பெற்றெடுத்தவர் விடுபட்டுப்போகும் பழைய பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் எதிர்த்து நின்றது இந்தப் பழக்கத்தைத்தான்.

கொள்கை முழக்கத்தில் இசை அமுங்கிவிடுகிறது என்ற குறை சில பாடல்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குழுவின் பாடகி இசைவாணி பாடியவை அதற்குச் சான்று. ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் ராயபுரத்துப் பெண் ஒருவர் முன்வரிசையில் நின்று பாடியது இசைக்குள்ளேயே நடந்த மாற்றம்; 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். சபரிமலையில் பெண்கள் நுழைவு பற்றிய விவாதத்தின்போது அவர் பாடிய பாட்டு மீது 2024இல், அதாவது பல ஆண்டுகள் கழித்து, புகார்கள் எழுந்தன. பாட்டு காதில் விழாமல் போயிருந்தால் அது நடந்திருக்காது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா, கர்நாடக இசைச் சபா மேடைகளின் மாதத்திலேயே கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை தந்தது. இந்தக் குழு திறந்த வழியில்தான் அது வந்தது. அதே வழியில், மலாக்கா மாநிலத்தில் உறுமிக் குழு நடத்துவோரும் தோட்டத்துப் பாட்டுத் தெரிந்த முதியவர்களை வீட்டில் வைத்திருப்போரும் அந்த இசையை இப்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பதிவிலேயே சேர்த்து வையுங்கள்.